காக்கை இல்லாத காட்டில் ஒரு திவசம்

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் யாரும் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். பார்த்திருக்கிறேன். பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கு இருக்கிற சுறுசுறுப்பில் பாதிகூட அதற்கு இல்லை. சிங்கக் கதைதான் வேண்டுமென்றால் தொலைக்காட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், கரண்டு இருந்தால்.

போன மாதம் ரங்கூன் என்கிற யாங்கோனில், தின்கன்ஜூன் பேட்டையில் நான் இருக்கிற தம்பி வீட்டு மாடிக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நான் வேலை தொடங்கிய ஏரிக்கரை ஹோட்டலில் இப்போது வேலை செய்பவர்கள். மூவரும் துபாய்க்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் இப்போது பெட்டி கட்டாத பிள்ளை யார்? வெளிநாட்டு ஹோட்டலில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்க வந்தார்களாம். கெட்டியாக லப்பே-யே போட்டுக் கொடுத்தேன். தேநீரைக் குடித்துக்கொண்டே சிங்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். சொல்லி முடித்தேன்.

அவர்களில் ஜூலி நம் தமிழ்ப் பெண். தமிழில் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்வாள். பதில் பர்மியத்தில்தான் வரும். அவள் பர்மியத்தில் ஒன்று கேட்டாள்: "சயாமா, இப்ப ட்ரெய்னிங்ல கெஸ்டுகிட்ட முடியாதுன்னு சொல்லவே கூடாதுங்கறாங்க. அவங்க போன்ல என்ன கேட்டாலும் 'யெஸ்'ஸுன்னு பதில் தானாவே போயிடுது. நீங்க எப்பவாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

சயாமா என்றால் டீச்சரம்மா. நான் டீச்சர் இல்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. என் தொழிலில் நான் பெருமைப்படுகிற காரியமே ஒரு 'முடியாது'தான். அன்று லப்பே-யே ஆறிப்போகும்வரை சொல்லியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பிலோமினா. அப்பா யாங்கோனில் அலோன் கப்பல்துறையில் கிளார்க். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை பூசை, சட்டையில் கஞ்சி மொடமொடப்பு, இதுதான் எங்கள் குடும்பச் சொத்து. பள்ளி முடித்து ஏரிக்கரை ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவளாகச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பின் மூலை மடிக்கக் கற்றேன், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன், மேற்பார்வைக்கு வந்தேன், துபாய்க்குப் போனேன். அங்கே எங்கள் ஹோட்டலில் தங்கிய ஒரு அம்மாள் நான் வேலை வாங்குகிற விதத்தைப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் தங்களுக்கு ஒரு காட்டு விடுதி இருக்கிறது, வருகிறாயா என்றார். காடு என்றால் கொஞ்சம் மரம் இருக்கும் என்று நினைத்துச் சரி என்றேன்.

தனியாருக்குச் சொந்தமான காடு அது. நகரத்துக்கு நகரம் போகிற மாதிரி, கேட்டிலிருந்து விடுதிக்கு மண் சாலையில் வெகுநேரம் போக வேண்டும். வழியில் யானை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். விடுதியில் அறைகளுக்குப் பெயர் கூடாரம். உள்ளே போனால் குளிக்கிற தொட்டியே எங்கள் அலோன் வீட்டுச் சமையலறை அளவு. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஆற்றைப் பார்த்த மரத்தளம், அதற்கு ஒரு கைப்பிடிச் சுவர். விலங்குக்கும் விருந்தாளிக்கும் நடுவில் வேலி கிடையாது. வேலிக்குப் பதிலாக அங்கே இருந்தது சட்டம்.

முதல் சட்டம், சோறு. கூடாரத்தில் ஒரு பழம்கூட வைக்கக் கூடாது. வெளியே ஒரு பருக்கை போடக் கூடாது. மனிதன் கையால் தின்று பழகிய விலங்கு, தராத நாளில் கடிக்கும். கடித்தால் சுட வேண்டியதுதான். இதை முதல் நாளே சொன்னவர் விடுதி மேலாளர் ஹென்ட்ரிக். "நாம் போடுவது அதற்குச் சோறு இல்லை, தண்டனை" என்றார்.

ஹென்ட்ரிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனைமரம் மாதிரி உயரம், அரைக்கால் சட்டை, தலையில் வெளுத்துப்போன தொப்பி. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கத்துக் காட்டில்தான். அவர் சொல்லிக்கொடுத்ததில் இரண்டை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று, வரவேற்பு. விருந்தாளிகளின் வண்டி கேட்டுக்கு வந்ததும், கேட்டைக் காக்கும் வூசி குனிந்து பெயர்களைக் கேட்டு வயர்லெஸ்ஸில் எங்களுக்குச் சொல்வார்: "மிஸ்டர் இன்னார், மிஸஸ் இன்னார், இரண்டு பேர், உள்ளே." எப்போதும் பெயர், பிறகு எண்ணிக்கை, கடைசிச் சொல் 'உள்ளே'. அதைக் கேட்டதும் என் பெண்கள் எலுமிச்சைப்புல் போட்ட தண்ணீரில் நனைத்துச் சுருட்டி வைத்திருக்கும் குளிர்ந்த துண்டுகளை மரத்தட்டில் அடுக்கி, வாசற்படியில் வந்து நிற்க வேண்டும். ஆளுக்கு ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "குறைந்தால் அவரை நாம் எதிர்பார்க்கவில்லை என்று ஆகும். கூடினால் யாரோ வராமல் போனார் என்று ஆகும்" என்பார் ஹென்ட்ரிக். காட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும்போதும் இதே முறைதான்.

விடுதியின் பெயர் தைத்த அந்தத் துண்டுகளுக்கு நான்தான் பொறுப்பு. கோடீஸ்வர விருந்தாளிக்கும் ஒரு துண்டைப் பையில் செருகிக்கொள்ள ஆசை வரும். நான் வண்டிவரை போய், "ஐயா, எங்கள் பிள்ளை ஒன்று உங்கள் பையில் ஏறிவிட்டது போல" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவார். என்னைத் தாண்டி ஒரு துண்டு போனதாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இரண்டாவது, 'முடியாது' சொல்வது. இதை நாங்கள் கற்றுக்கொண்டது என்னோடு துபாயிலிருந்து வந்த யாங்கோன்காரர் கோ தெய்ன் புண்ணியத்தால். தாகேதா பேட்டைக்காரர், பானம் கலப்பவர், தங்கமான மனிதர். பர்மியத்தில் 'ஆனாதே' என்று ஒரு சொல் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று கேட்கவும் கூசுவது, மறுக்கவும் கூசுவது. யாங்கோனில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிடும், தமிழனானாலும் பர்மியனானாலும். ஒரு விருந்தாளி அம்மாள் கூடாரத்தில் ஒரு தட்டு மாம்பழம் வேண்டும் என்று கேட்டார். கோ தெய்னுக்குச் சட்டம் தெரியும். ஆனால் ஆனாதே. கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். குரங்குகள் மாம்பழத்தோடு நிற்கவில்லை. அந்த அம்மாளின் முகப்பூச்சு மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு, கொசுவலையில் ஊஞ்சலாடி, அவருடைய உள்பாடியை மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது ஒன்று. கன்னத்தில் எங்கள் ஊர்த் தானாக்கா மாவு பூசிய குமரி போல உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் அழுதார். கோ தெய்ன் அவரைவிட அதிகமாக அழுதார்.

ஹென்ட்ரிக் திட்டவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நின்றுகொண்டு முடியாது என்றால் அது கதவைச் சாத்துவது. உட்கார்ந்து முடியாது என்றால் அது பேச்சு. முதலில் உட்காருங்கள். முடியாது என்று தெளிவாக ஒரு தடவை சொல்லுங்கள், குழைக்காதீர்கள். பிறகு எழுந்திருக்கும் முன் முடிகிற ஒன்றைக் கையில் கொடுங்கள். கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் எழுந்திருக்காதீர்கள், யோசியுங்கள்." இவ்வளவுதான் பாடம். ஹோட்டல் பள்ளிக்கூடங்கள் காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டுக்குள் காக்கை கிடையாது. யாங்கோன்காரிக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே கூப்பிடுமுன் வந்து நிற்கிற உறவு காக்கை ஒன்றுதான். அலோனில் எங்கள் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் காலையில் தகரக் கூரையில் சோறு வைத்துக் கூவும். காக்கை தின்ற பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு. அந்தக் கூவலைக் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். அங்கேயோ நீலமாய், பச்சையாய், மஞ்சள் மூக்காய் எல்லாப் பறவையும் உண்டு, காக்கை மட்டும் இல்லை. சாமான் வாங்க ஊருக்குள் போகும்போது மட்டும் கேட்டுக்கு வெளியே தார்ச்சாலை ஓரத்துக் கம்பியில் சில காக்கைகளைப் பார்ப்பேன். கறுப்புதான், ஆனால் மார்பில் வெள்ளை. என்னைப் போல ஏப்ரன் கட்டியிருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். வண்டி கிளம்பும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் வூசியின் குரல் வந்தது: "மிஸஸ் மூட்லி, மிஸ்டர் மூட்லி, இரண்டு பேர், உள்ளே."

வண்டியிலிருந்து மகன் கைகொடுக்க இறங்கினார் ஒரு பெரியம்மா. நெற்றியில் திருநீறு, காலில் விளையாட்டுக்காரர்கள் போடுகிற வெள்ளை ஷூ. துண்டைக் கொடுத்துக்கொண்டே, "அம்மா, நீங்க தமிழா?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா. நீ?"

"நானுந்தாம்மா. ரங்கூன்."

"ரங்கூனா! அங்க நம்ம ஆளு இருக்கா?"

"நெறைய இருக்கோம்மா."

"பாத்தியா" என்று மகனிடம் திரும்பினார். "மெட்ராஸ்ல ஒரே துறையில ஏறியிருப்பாங்க. எங்க ஆளு இந்தப் பக்கக் கப்பல், இவ ஆளு அந்தப் பக்கக் கப்பல்." மகன் பெயர் ரவி, டர்பனில் வக்கீல். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தெரியும். முதலியார் என்பதுதான் கரும்பு வெட்டப் போன இடத்தில் மூட்லி ஆகியிருக்கிறது என்று பெரியம்மாவே சொன்னார்.

மறுநாள் காலை கூடாரம் பெருக்கப் போன பெண் ஓடி வந்தாள். மூட்லி அம்மாவின் மரத்தளத்துக் கைப்பிடிச் சுவரில் பெரிய நாய்முகக் குரங்கு ஒன்று உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. அதன் பல் சிறுத்தையின் பல்லைவிட நீளம். ஹென்ட்ரிக்கும் நானும் போய்ச் சத்தம் போட்டு விரட்டினோம். சுவரில் நெய்ச்சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. டர்பனானால் என்ன, யாங்கோனானால் என்ன, நம் வீட்டுப் பெண்பிள்ளை செய்கிற காரியம்தான். முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கவளத்தைக் காக்கைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். காக்கை வரவில்லை. குரங்கு வந்தது. ருசி கண்டுவிட்டது.

பெரியம்மா உள்ளேயிருந்து வந்தார். பயமில்லை, வருத்தம்தான் இருந்தது. "காக்காவே இல்லியே அம்மாடி, இந்த ஊர்ல. நாளைக்கு எங்க வீட்டாளுக்கு வருசம். தலை வருசம். நான் எங்க போவேன்?"

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. திவசத்தை விட்டுவிட்டு யாராவது விலங்கு பார்க்க வருவார்களா என்று எனக்குத் தோன்றியது. கேட்காமலே அவர் சொன்னார்.

"இந்த ரோட்லதான் அவரு லாரி ஓட்டுனாரு. காய்கறி லாரி. இந்த லாட்ஜுக்கெல்லாம் அவருதான் கொண்டாருவாரு, கேட்டு வரைக்கும். எறக்கி வச்சிட்டுத் திரும்பிரணும். தண்ணி குடிக்கக்கூட உள்ள விட மாட்டாங்க. அப்ப வெள்ளக்காரனுக்குத்தான் உள்ள. 'ஒரு நாளு உன்னய உள்ள கூட்டிப் போயித் தங்க வக்கிறேன் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சட்டம் மாறுச்சு, அப்ப காசு இல்ல. காசு வந்துச்சு, அப்ப காலு இல்ல. சக்கரை, எடுத்துட்டாங்க. அதுக்குத்தான் இவன் இங்க கூட்டியாந்தான். அவருக்கு உள்ள வச்சுச் சோறு போடணும்னு."

ஹென்ட்ரிக்குக்கு நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

சட்டப்படி மறுநாள் ஒரு பருக்கை வெளியே விழக் கூடாது. அந்தக் கேட்டில் எத்தனையோ முறை 'முடியாது' கேட்ட மனிதருக்கு, செத்த பிறகும் ஒரு 'முடியாது' நான் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில். எனக்கும் ஆனாதே. ஒரு கவளம்தானே, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம் என்றுதான் யாங்கோன் மனசு சொன்னது. நான் மரத்தளத்தில் பெரியம்மாவின் காலருகே உட்கார்ந்தேன். ஹென்ட்ரிக்கும் நீளக் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, முடியாதும்மா" என்றேன்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குரங்கு நாளைக்கும் வரும். சோறு வச்சா நாளான்னைக்குக் கதவத் தெறந்துகிட்டு உள்ள வரும். அப்பறம் இவரு துப்பாக்கி எடுத்தாகணும். அது இவரு ஆசையில்ல, சட்டம். மாமா பேர்ல வச்ச சோத்தால ஒரு உயிரு போகலாமாம்மா?"

பெரியம்மா கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது போல எடுத்தார்.

ரவிக்கு நான் சொன்னது புரியவில்லை. அம்மாவின் முகம் புரிந்தது. என்னவென்று கேட்டார். ஹென்ட்ரிக் சொன்னார். வக்கீல் ஹென்ட்ரிக்கைப் பார்த்துச் சொன்னார்: "என் அப்பாவை அன்று வாசலில் நிறுத்தினீர்கள். இன்று அவர் சோற்றையும் நிறுத்துகிறீர்கள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹென்ட்ரிக் அதை மறுக்கவில்லை. "அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் அந்தக் கேட்டை எனக்குத் தெரியும். அங்கே லாரிகள் நின்றதையும் பார்த்திருக்கிறேன்" என்றார். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் சேர்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதிதானே. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் கொடுக்க ஒன்று இருந்தது. கொடுக்கத்தான் பயமாக இருந்தது.

"அம்மா, இந்தக் காட்டுக்குள்ள காக்கா இல்ல. ஆனா காக்கா இருக்கற எடம் எனக்குத் தெரியும்."

"எங்க?"

"கேட்டுக்கு வெளிய."

ரவி தன் அம்மாவிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "மறுபடியும் வெளியேவா?" என்று எழுந்துவிட்டார். நான் சொல்லியிருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். பெரியம்மா மகனின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரையில் யானைகள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டன. பிறகு மகனிடம் சொன்னார்.

"அவரு எங்க நின்னாரோ அங்கதானடா வந்து நிப்பாரு. இங்க உள்ள வச்சா அவருக்கு எப்படித் தெரியும்? உள்ள வந்ததே இல்லியே."

எல்லோரும் எழுந்தோம்.

அடுத்த நாள் காலை விடுதிச் சமையலறை பெரியம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விருந்தாளிகள் சமையலறைக்குள் வரக் கூடாது என்பதும் சட்டம்தான். அதை ஹென்ட்ரிக் தன் பொறுப்பில் தள்ளி வைத்தார். எங்கள் விடுதிச் சமையல்காரர் வெள்ளைத் தொப்பியோடு ஓரமாக நின்று தேங்காய் துருவிக் கொடுத்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, பெரியவருக்குப் பிடித்த பீன்ஸ் கறி, பாயசம். வேதக்காரியான நான் வாழை இலை துடைத்தேன். பெரியம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகனும் அப்படியே. கோ தெய்ன் யாரும் சொல்லாமலே அவர்களுக்குக் காபி கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டார்.

கேட்டுக்கு வண்டியை ஹென்ட்ரிக்கே ஓட்டினார். கேட் என்றால் பெரிய கோபுரவாசல் இல்லை. ஒரு காவல் கூண்டு, சாலைக்குக் குறுக்கே ஒரு முனையில் கல் கட்டிய நீளமான தடுப்புக் கழி. அதற்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் தார்ச்சாலை. "என் சட்டம் இந்தக் கழியோடு முடிகிறது. வெளியே அரசாங்கத்துச் சாலை" என்றார் ஹென்ட்ரிக். வூசி வெள்ளைத் தாடிக்காரர். என்ன விஷயம் என்று அவரிடம் சொன்னேன்: காக்கை வந்து தின்றால் அந்த அம்மாவின் கணவர் வந்து தின்ற மாதிரி. அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவர்கள் வீட்டிலும் பெரியவர்களுக்குத் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்களாம். "பெரியவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

சாலையோரத்தில் லாரிகள் நின்ற இடத்தைப் பெரியம்மா தானே கண்டுபிடித்தார். புளியமரம் போல ஒரு மரம், அதனடியில். கணவர் சொல்லிச் சொல்லி அந்த மரம் அவருக்குத் தெரிந்திருந்தது. இலையைப் போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, தலையில் முக்காடிட்டுக் கும்பிட்டார். ரவி விழுந்து கும்பிட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது?

"கா... கா..." என்று கூப்பிட்டார் பெரியம்மா.

கம்பியில் வெள்ளை மார்புக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. கூப்பிட்டால் வர வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொன்னது? யாங்கோன் காக்கையாக இருந்தால் கற்பூரம் அணையும்வரைகூடப் பொறுத்திருக்காது. வெயில் ஏறியது. கனத்த லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ரவி அம்மாவுக்குக் குடை பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் காக்கைகள் வராவிட்டால், கேட்டில் ஒன்று, என் 'முடியாது' ஒன்று, இதோடு மூன்றாவது தடவை அந்த மனிதருக்குக் கதவைச் சாத்தியது போலாகும். பொறுக்க முடியாமல் நானும் கூவ ஆரம்பித்தேன், அலோன் தகரக் கூரைக்காரியின் அதே ராகத்தில், தொண்டை கிழிய. ஹென்ட்ரிக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சிரிக்கவில்லை.

கடைசியில் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பியைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டார். "இன்னும் என்னய்யா அங்கியே குந்திக்கிட்டிருக்க? லாரியிலயே குந்தியிருந்து பழகிப்போச்சா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எறங்கி வா!"

ஒன்று இறங்கியது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்து, இரண்டு தத்துத் தத்தி வந்தது. பருப்புச் சோற்றைக் கொத்தியது. பீன்ஸை எடுத்தது. அது தின்றது, தின்றது, பிறகு வாய் நிறைய ஒரு கவளத்தைக் கவ்விக்கொண்டு பறந்துபோய்த் தடுப்புக் கழியின்மேல் உட்கார்ந்தது. வெளியும் இல்லாமல் உள்ளும் இல்லாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

வூசி கூண்டிலிருந்து வெளியே வந்தார். வண்டி வந்தால் எப்படி வருவாரோ அப்படியே, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கல் கட்டிய முனையில் கை வைத்தார். கழி அசைந்ததும் காக்கை எழும்பியது. எழும்பி, தார்ச்சாலைப் பக்கம் போகாமல், மண் சாலைக்கு மேலே தாழப் பறந்து காட்டுக்குள் போயிற்று. வூசி கழியை முழுதாக உயர்த்தி, அது கண்ணுக்கு மறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டாரு" என்றார் பெரியம்மா. "உள்ள போயிட்டாரு."

ரவி குடையைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். நாற்பதைத் தாண்டிய வக்கீல். ஹென்ட்ரிக் அவர் தோளில் கை வைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று அழாத ஒரே ஆள் பெரியம்மாதான். "இலைய எடு அம்மாடி, பசிக்குது" என்றார்.

நாங்கள் இலையைச் சுருட்டி வண்டியில் ஏறுகிற சமயம் வூசி கூண்டுக்குள் போய் வயர்லெஸ்ஸை எடுத்ததைப் பார்த்தேன். நாங்கள் திரும்புவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதி வாசற்படியில் என் பெண்கள் தட்டோடு நின்றார்கள். போன விருந்தாளிகள் இருவர். தட்டில் மூன்று துண்டுகள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த நாளில் போயா கணக்குத் தப்புவது? "ஏன் மூணு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

தட்டைப் பிடித்திருந்தவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "வூசி சொன்னாரே. மிஸஸ் மூட்லி, மிஸ்டர் மூட்லி, பெரிய மிஸ்டர் மூட்லி. மூன்று பேர், உள்ளே."

அன்று நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பழக்கிய பெண்கள், பழக்கியபடி செய்தார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். அந்தத் தட்டைப் போல ஒன்று என் நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

பெரியம்மாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் தன் துண்டால் முகத்தைத் துடைத்துத் தட்டில் வைத்தார். பிறகு மூன்றாவதை எடுத்து விரித்தார். எலுமிச்சைப்புல் வாசனையை முகர்ந்து பார்த்தார். நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது வண்டிவரை போனேன். கைப்பை பெரியம்மாவின் மடியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "போயிட்டு வாங்கம்மா" என்றேன். துண்டைப் பற்றிக் கேட்கவில்லை.